மஸ்கெலியா அக்காவுக்கு ஒரு தச்சனின் பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். சாதாரணதரம் எழுதி முடித்த மகன், ஜப்பானியக் கோயில் தச்சர்களின் வீடியோக்களைப் போனில் பார்த்துப் பார்த்து, ஆணி இல்லாமல் மரத்தோடு மரம் பூட்டுகிற அந்த வேலையைத்தான் பழகுவேன், வாழ்ந்தால் அதிலேதான் வாழ்வேன் என்று நிற்கிறானாம். உயர்தரத்துக்குப் போகச் சொன்னால் பேச்சே இல்லையாம். இதெல்லாம் ஒரு தொழிலா, இவனை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். சென்ற வாரம் வந்த பதில்கள் எல்லாமே பையனுக்குப் புத்தி சொல்லும் பதில்கள். படி, கம்பியூட்டர் பழகு, ஜப்பான் போவதென்றால் முதியோர் பராமரிப்புக்குப் போ, சம்பளம் நல்லது என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த வேலை என்ன, அதைப் பழக என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

என் தாத்தா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தச்சர். தேயிலைப் பெட்டி அடிப்பதுதான் அவருக்குப் பெரிய வேலை. ஒட்டுப்பலகை, உள்ளே வெள்ளித்தாள், ஓரத்துக்குத் தகரப்பட்டி, சின்ன ஆணி. பிறகு கடதாசிச் சாக்கு வந்தது, பெட்டி போனது. அவருடைய சீவுளியும் மூன்று உளியும் லயத்து அட்டாலில் கிடந்தன. அவற்றை எடுத்து விளையாடித்தான் எனக்கு இந்த ஆசை பிடித்தது. இப்போது எனக்கு முப்பத்தேழு வயது.

2016இல் தொழில்நுட்பப் பயிலுனர் திட்டத்தில் ஜப்பான் போனேன். என்னை அனுப்பிய முகவர், மரக் கோயில் கட்டுகிற இடம், உனக்கு ஏற்ற தச்சு வேலை என்று சொல்லித்தான் காசு வாங்கினார். அம்மாவின் நகை, சித்தப்பாவின் சேமலாப நிதி எல்லாம் அதில் போனது. ஒசாகாவில் இறங்கிய மூன்றாம் நாள் கொடுத்தது கொங்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற வேலை. நம் ஊரில் ஷட்டரின் அடிப்பது என்போமே, அதுதான். ஜப்பானில் அதற்கும் ஒரு வகைத் தச்சு என்றுதான் பெயர். அவர்கள் மொழியில் தச்சருக்கு 'தைக்கு' என்று சொல்வார்கள். கொங்கிரீட்டுக்குப் பலகை அடிப்பவரும் தைக்கு, வீடு கட்டுபவரும் தைக்கு, கோயில் கட்டுபவர் 'மியாதைக்கு'. ஆகவே நான் கையெழுத்துப் போட்ட தாளில் தச்சு என்றுதான் இருந்தது. நினைத்தபடி வேறு இடத்துக்கு மாறவும் அந்தத் திட்டத்தில் வழியில்லை. 2027இல் அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டு வேறொன்று கொண்டுவருகிறார்கள். அதில் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு இடம் மாற ஓரளவு வழி இருக்கிறது. ஆனாலும் அக்கா, யாராவது ஒருவர் வந்து உங்கள் பிள்ளையை ஜப்பான் தச்சன் ஆக்குகிறோம் என்று சொன்னால், எந்த நிறுவனம், என்ன வேலை, மரமா கொங்கிரீட்டா என்று எழுத்தில் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

சம்பளம் ஒழுங்காகத் தந்தார்கள். கடனையும் கட்டி முடித்தேன். மனசுதான் ஆறவில்லை. முதல் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி நாரா பக்கம் ஹோர்யூஜி கோயிலுக்குப் போனேன். அப்போது நுழைவுச்சீட்டு 1500 யென். 7ஆம் நூற்றாண்டுக் கோயில் அது. உலகத்தில் இன்று நிற்கிற மரக் கட்டடங்களில் மிகப் பழையவை அங்கேதான் இருக்கின்றன. 1993இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக எடுத்தது. ஐந்தடுக்குக் கோபுரம் முப்பது மீட்டருக்கு மேல் உயரம். எல்லாரும் அண்ணாந்து கோபுரத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து தூண்களின் அடியைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். சில தூண்களில் உளுத்த அடியை வெட்டியெடுத்துவிட்டுப் புது மரம் வைத்திருந்தார்கள். பழைய மரம் கருத்து, புதுசு கொஞ்சம் வெளுத்து, நடுவில் தலைமுடி அளவு ஒரு கோடு. கெட்ட பாகத்தை மட்டும் எடுத்து, நல்ல பாகத்தை இன்னும் பல நூறு வருடத்துக்கு நிற்க விட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. காவலுக்கு நின்ற பெரியவர் வந்து உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று கேட்டார்.

அப்புறம் கிடைத்த ஞாயிறுகளில் அந்தப் பக்கமே சுற்றினேன். ஒரு சிற்றூரில் மரவேலைக்கூடம் வைத்திருந்த வயதான தச்சர் ஒருவர், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னை உள்ளே கூப்பிட்டார். வேலை தர அவருக்கும் சட்டம் இடம் தராது, எனக்கும் இல்லை. வந்து பார், தீட்டப் பழகு என்றார். சம்பளமும் இல்லை, பாடமும் இல்லை. அங்கே வேலை பழகுபவனை 'மினராய்' என்பார்கள், பார்த்துப் பழகுகிறவன் என்று பொருள். கண் பார்த்தால் கை செய்யும் என்று நாம் சொல்வதைத்தான் அவர்கள் ஒரு பதவிக்கே பெயராக வைத்திருக்கிறார்கள்.

தீட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீடியோவில் பையன் பார்ப்பது கடைசி நிமிடம். இரண்டு மரம் சத்தமில்லாமல் போய்ப் பூட்டிக்கொள்கிற நிமிடம் அது. அதற்கு முன்னால் இருக்கிற வருடங்கள் கல்லுக்குப் பக்கத்தில் போகின்றன. அவர்களுடைய உளியிலும் சீவுளி இரும்பிலும் வெட்டுகிற முகத்துக்கு மட்டும் கடினமான உருக்கு வைத்து, முதுகுக்கு மெதுவான இரும்பை உலையில் சேர்த்து அடித்திருப்பார்கள். தண்ணீர் விட்ட தீட்டுக்கல்லில், முதலில் சொரசொரப்பான 1000 நம்பர், பிறகு நைசான 6000 நம்பர் என்று தேய்க்க வேண்டும். இரும்பின் சரிவு கல்லில் முழுதாகப் படிய வேண்டும். மணிக்கட்டு ஒரு நூல் ஆடினாலும் சரிவு உருண்டு போகும், உருண்டால் மரத்தை வெட்டாது, கிழிக்கும். விரல் நுனித் தோல் கல்லில் தேய்ந்து போகும். நான் தீட்டிக் கொடுத்ததைப் பெரியவர் வெளிச்சத்தில் ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பார், திரும்பக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நான்கு மாதம் அப்படியே போனது. ஒரு ஞாயிறு, கையை எடுத்த பிறகும் இரும்பு சாயாமல், சரிவு கல்லோடு ஒட்டித் தானே நின்றது. நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் வந்து பார்த்தார். அன்றுதான் முதல் தடவையாக ஒரு ஹினோகிப் பலகையை, அவர்கள் கோயில் கட்டுகிற சைப்ரஸ் மரப் பலகையை, என் முன்னால் எடுத்து வைத்தார்.

அவர்களுடைய சீவுளியைத் தள்ளக்கூடாது, தன் பக்கம் இழுக்க வேண்டும். மரம் அறுக்கிற வாளும் அப்படித்தான். இழுக்கும்போது வெட்டுவதால் அலகு வளையாது, அதனால் மெல்லிசாகச் செய்யலாம், வெட்டுவாயும் குறுகலாக இருக்கும். அந்தப் பலகையிலிருந்து நான் இழுத்த சீவலை இங்கே ஊருக்குக் கொண்டுவந்து உங்கள் பத்திரிகையின் மேல் விரித்து வைத்தேன். அதற்கு அடியில் இருந்த சின்ன எழுத்துகளைப் படிக்க முடிந்தது. நன்றாகச் சீவிய மரத்தில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கும். மணற்தாள் போட்ட மரம் குடித்துவிடும். மழை தேசத்தில் வாழ்கிற நமக்கு இதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது?

மகன் ஒரு வீடியோவைப் பார்த்து வாழ்க்கையை முடிவு செய்கிறானே என்று அக்கா வருத்தப்பட்டிருந்தார். ஒகாவா மித்சுவோ என்று ஜப்பானில் பேர்பெற்ற கோயில் தச்சர் இருக்கிறார். பள்ளிச் சுற்றுலாவில் ஹோர்யூஜி கோபுரத்தைப் பார்த்த அன்றைக்கே, இதைக் கட்டத் தெரிந்தவர்களிடம் போக வேண்டும் என்று தீர்மானித்த பையன் அவர். அந்தக் கோயிலின் தலைமைத் தச்சர் நிஷியோகா த்சுனேகஸு உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. பையன் வேறு இடங்களில் வேலை பழகிவிட்டு 1969இல்தான் அவரிடம் சீடனாகச் சேர்ந்தார். முதல் ஒரு வருடம் பத்திரிகை இல்லை, டீவி இல்லை, ரேடியோ இல்லை, தீட்டு என்றாராம் குரு. பிறகு ஒகாவா 1977இல் இக்கருகா கோஷா என்ற தச்சர் குழுவைத் தொடங்கினார். அங்கே பழகுபவர்கள் ஒன்றாகத் தங்கி, சமைத்து, கூட்டிப் பெருக்கி, தீட்டி, ஏறக்குறைய பத்து வருடம் இருந்துதான் வெளியே வருகிறார்கள். குருவான நிஷியோகாவின் கதை இன்னும் நமக்குப் பக்கம். சின்ன வயதில் அவருடைய தாத்தா அவரை விவசாயப் பள்ளிக்கு அனுப்பினார், மண்ணை அறியாமல் மரத்தை அறிய முடியாது என்பதற்காக. மலையில் எந்தப் பக்கம் எந்தக் காற்றில் வளர்ந்தது என்று பார்த்துத்தான் மரத்தைக் கட்டடத்தில் எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவெடுப்பார்கள். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு மண் புதிதல்ல. சரிவில் வளர்ந்த சவுக்கு ஏன் முறுக்கிக்கொள்கிறது என்று உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள். லயத்தைச் சுற்றி நிற்பது அந்த மரம்தானே, அவனுக்குத் தெரிந்திருக்கும்.

2019இல் ஊர் வந்தேன். ஏழு பேர்ச் காணியில் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடியில் தகரக் கூரை போட்டு ஒரு பட்டறை. கதவு, ஜன்னல், சாமி மாடம், அலுமாரி செய்கிறேன். மொத்த வேலைக்கு மெஷின் உண்டு, பொருத்து எல்லாம் கைவேலை. முதல் இரண்டு வருடம் மனைவியின் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம். இப்போது எழுபதாயிரம் கிடைக்கிற மாதமும் உண்டு, நாற்பதாயிரத்தோடு நிற்கிற மாதமும் உண்டு. நுவரெலியாவில் விடுதி நடத்துகிற ஒருவர் ஆணியில்லாத கட்டில் கேட்டு வந்ததிலிருந்து கொஞ்சம் பரவாயில்லை. பையன் இதில் பணக்காரன் ஆகிவிடுவான் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் நடந்ததை அக்காவுக்குச் சொல்ல வேண்டும். முன்மண்டபத்தில் நான்கு பலாத்தூண்கள், தாத்தா காலத்தில் போட்டவை. மழைச்சாரல் அடித்து அடித்து இரண்டு தூண்களின் அடி ஒன்றரை அடிக்கு உளுத்துவிட்டது. நான்கையும் பிடுங்கிவிட்டுக் கொங்கிரீட் போடுவோம் என்று கோவில் கமிட்டி முடிவெடுத்திருந்தது. எனக்குப் பத்து நாள் தாருங்கள் என்று கேட்டேன். ஹோர்யூஜியில் பார்த்த அந்தக் கோடுதான் கண்ணுக்குள் நின்றது.

அந்தப் பொருத்துக்கு 'கனவா த்சுகி' என்று பெயர். மேலே நிற்கிற பழைய மரத்திலும், கீழே வைக்கிற புது மரத்திலும் ஒரே வடிவத்தை வெட்ட வேண்டும். நடுவில் ஒரு படி, இரண்டு நுனியிலும் சின்ன நாக்கு, நாக்கு போய் உட்கார எதிர்மரத்தில் பள்ளம். இதைப் பக்கவாட்டில் செருகலாம் என்பதுதான் இதன் அருமை. தூணைத் தூக்க வேண்டியதில்லை, கூரையைக் கழற்ற வேண்டியதில்லை, ஜாக்கி வைத்துப் பாரத்தைத் தாங்கினால் போதும். செருகிய பிறகு நடுவில் ஒரு சதுர இடைவெளி இருக்கும். அதில் ஆப்பை அடித்தால் இரண்டு மரமும் ஒன்றையொன்று தள்ளி, நாக்குகள் பள்ளத்துக்குள் இறுகிவிடும். ஜப்பானில் ஆப்புக்கு ஓக் மரம். நான் கித்துள் மரத்தின் வெளிப்பக்கத்துக் கறுப்பு வைரக்கட்டையில் சீவினேன். ஆறங்குலத் தூணுக்கு ஒன்றரை அடி நீளப் பொருத்து. ஒரு தூணுக்கு நான்கு நாள் ஆனது.

முதல் தூணில் தவறு செய்தேன். வைத்த பலா சரியாகக் காயவில்லை. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது கணக்கு, பொகவந்தலாவை ஈரத்தில் அதற்கு மேலும் ஆகும். எனக்கு அது தெரியும். திருவிழா நெருங்கியதால் இருந்ததை வைத்தேன். மூன்று வாரத்தில் மரம் சுருங்கி, பொருத்தில் நகம் போகிற அளவு இடைவெளி விட்டது. கமிட்டிக்காரர்கள் பரவாயில்லை, சிமெந்து வைத்துப் பூசுவோம் என்றார்கள். என்னால் முடியவில்லை. பழைய வீடொன்றை உடைத்த இடத்தில் நாற்பது வருடத்துப் பலா நிலைக்கால் ஒன்றை வாங்கி, திருவிழா முடிந்த மறுநாள் ஆப்பைத் தட்டிக் கழற்றி, முழுதாகத் திரும்ப வெட்டினேன். ஆப்பைக் கழற்றினால் பொருத்து கழன்று வருகிறது, திரும்பச் செய்ய முடிகிறது. சிமெந்து பூசியிருந்தால் தூணையே உடைத்திருக்க வேண்டும். இப்போது ஐந்து வருடம் ஆகிறது. அடுத்த லயத்து ஆயா ஒருவர் தூணைக் கையால் மேலும் கீழும் தடவிவிட்டு, "எந்த இடத்துலப்பா ஒட்டுன?" என்று கேட்டார். அவர் கையைப் பிடித்து அந்தக் கோட்டின்மேல் வைத்தேன்.

இது வெளிநாட்டு வித்தை, நமக்கு எதற்கு என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் ஒருமுறை கண்டிப் பக்கம் எம்பெக்கே தேவாலயத்துக்குப் போய் வர வேண்டும். 14ஆம் நூற்றாண்டு, கம்பளை அரசர் காலம். கதிர்காமத் தெய்வத்துக்கு, நம் முருகனுக்குக் கட்டிய கோயில். செதுக்கிய மரத்தூண்களைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். மண்டபத்தின் ஒரு முனையில் நின்று கூரையைப் பாருங்கள். 26 கைமரங்கள் ஓரிடத்தில் வந்து கூட, ஒரே ஒரு மர முளை அத்தனையையும் பிடித்து நிற்கிறது. சிங்களத்தில் மடொல் குருபாவ என்பார்கள். பதுளை மாவட்டத்தில் ஹாலிஎல பக்கம் பொகொட மரப்பாலமும் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டுப் பாலம், மர முளைகளால் பூட்டியது, மேலே ஓட்டுக் கூரையோடு இன்றும் ஆற்றின்மேல் நிற்கிறது. இந்த மலையில் இருந்த கைதான் இது. ஜப்பானில் அந்தக் கையை விடாமல் வைத்திருந்தார்கள், 2020இல் யுனெஸ்கோ அவர்களுடைய மரக் கட்டட வித்தைகளை மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நாம் கொங்கிரீட்டுக்குப் போய்விட்டோம். போகவேண்டிய இடத்துக்குப் போகட்டும், ஆனால் நான்கு தூணுக்குமா?

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஊர் திரும்பியதும் சான்றிதழுக்காக ஒரு பயிற்சி நிலையத்தில் தச்சுப் பாடநெறிக்குப் போனேன். பாடம் சிங்களத்தில் மட்டும். என்னோடு சேர்ந்த நான்கு தோட்டத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டார்கள். கை வராமல் நின்றவர்கள் இல்லை. அதில் ஒருவன் வாள் பிடிப்பதைப் பார்த்தால் பத்து வருடம் செய்தவன் போலிருக்கும். எழுத்துத் தாள் புரியாமல் நின்றார்கள். கற்பித்த ஆசிரியர் நல்ல மனிதர், தனக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொல்லை வைத்து முயன்று பார்த்தார். மலையகத்துக்கு ஒரு தமிழ்மொழித் தச்சுப் பாடநெறி வேண்டும், அதில் பொருத்து வேலைக்கென்று குறைந்தது ஆறு மாதம் வேண்டும். இதை உங்கள் பத்திரிகை தொடர்ந்து எழுதினால் கேட்க வேண்டியவர்கள் கேட்பார்கள். ஸ்டோர்களில் தச்சு வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். சீவுளி, மூலைமட்டம், கழுந்து, கொட்டாப்பிடி என்ற சொற்களெல்லாம் அவர்கள் வாயில் இருக்கின்றன. எனக்கே ஜப்பானியப் பெயர் தெரிந்து தமிழ்ப் பெயர் தெரியாத பொருத்துகள் இருந்தன. பலாங்கொடையில் ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டுத்தான் எழுதி வைத்துக்கொண்டேன். அவர்களைத் தேடிப் போய்ப் பேச ஒரு நிருபரை அனுப்புங்கள். நானும் கூட வருகிறேன்.

அக்கா, பையனை உயர்தரம் எழுத வையுங்கள், அதற்குப் பக்கத்திலேயே கல்லையும் கொடுங்கள். ஜப்பானிய மொழியை இப்போதே தொடங்கட்டும், என்4 என்கிற ஆரம்பநிலை மொழிப் பரீட்சைக்கு ஒரு வருடம் சரியாக உழைத்தால் போதும். ஜப்பான் போக வேண்டும் என்றால் கை தயாரான பிறகு போகட்டும். தீட்டத் தெரிந்து போகிறவனுக்கும் தெரியாமல் போகிறவனுக்கும் அங்கே கிடைக்கிற மரியாதை வேறு, அதை நான் பட்டு அறிந்தவன். ஆறு மாதம் தீட்டிய பிறகு அவனே வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், ஒன்றும் நட்டமில்லை. அப்போதும் விடாமல் நின்றால் நீங்கள் தடுக்காதீர்கள்.

சனிக்கிழமைகளில் நான் பட்டறையில்தான் இருப்பேன். என் விலாசத்தை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காசு வேண்டாம், பகல் சாப்பாடு எங்கள் வீட்டில். நீங்களும் கூட வாருங்கள், கோவில் தூணைக் காட்டுகிறேன். வீட்டில் பழைய உளி ஏதாவது கிடந்தால் தம்பியை எடுத்து வரச் சொல்லுங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, அதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு தச்சுத் தொழிலாளி,
பொகவந்தலாவை.
(பெயர், விலாசம் ஆசிரியரிடம் உண்டு)